கரிநெருப்பின் அருகில்

மனந்திரும்புதல் என்ற சொல்லைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு செயல்கள் இருக்கின்றன என்பதை மட்டும் மிகவும் பிந்தித்தான் கவனித்தேன். எபிரெயத் தீர்க்கதரிசிகள் பயன்படுத்திய 'ஷூவ்' என்ற வினை, வழிதவறிப் போனவன் நின்று, திரும்பி, வந்த வழியே நடப்பதைக் குறிக்கும் அன்றாடச் சொல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் வரும் 'மெட்டனோயியா' மனம் வேறாகிவிடுவதைக் குறிக்கிறது. முன்னதில் கால்கள் நடக்கின்றன. பின்னதில் உள்ளம் மாறுகிறது. கத்தோலிக்கரின் திருவிவிலியம் 'மனம் மாறுதல்' என்று கிரேக்கத்தின் அருகில் நிற்க, பழைய தமிழ் வேதாகமத்தின் 'மனந்திரும்புதல்' இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டது. என் வாழ்வின் பெரும்பகுதியில் அந்தச் சொல்லின் முதல் பாதி மட்டுமே என்னிடம் இருந்தது. மனம் இருந்தது, வருத்தம் இருந்தது, கண்ணீர்கூட இருந்தது. திரும்புதல் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில், நான் தயாரித்த ஓர் அறிக்கையில் ஒரு தொகை தவறாகப் போயிற்று. அந்த அறிக்கையில் கையெழுத்திட்டு அனுப்பியவர் என்னுடன் பணியாற்றிய இன்னொருவர். பிழை வெளிப்பட்டபோது அவர்தான் அழைக்கப்பட்டார், அவர்தான் விளக்கம் எழுதிக் கொடுத்தார், அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வுதான் தள்ளிப்போனது. அந்த அறைக்குள் சென்று, "இது என் பிழை" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. நான் சொல்லவில்லை. முதல் நாள் அச்சத்தால் சொல்லவில்லை. இரண்டாம் நாள், முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே என்பதால் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மௌனமே பழக்கமாகிவிட்டது. அவர் பின்னர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார்.

ஆனால் நான் இதை மறந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபம் வரும் ஒவ்வொரு முறையும் இந்தக் காரியம் என் நினைவுக்கு வந்தது. நான் உண்மையாகவே வருந்தினேன். பாவமன்னிப்பின் வார்த்தைகளைக் கேட்டபோது உண்மையாகவே ஆறுதல் அடைந்தேன். யோவானின் முதல் நிருபத்தில் வரும் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." எத்தனையோ முறை சொல்லிய இந்த வாக்கியத்தில் ஒரு நாள் என் நாக்கு தடுக்கி நின்றது. மன்னிக்கிறவரைப் பற்றிப் பேசும் இடத்தில் இரக்கமும் அன்பும் உள்ளவர் என்றல்லவா வரவேண்டும்? 'உண்மையும் நீதியும்' ஏன் வருகிறது? நீதியுள்ளவர் மன்னிக்கிறார் என்றால், அந்த மன்னிப்பில் என் பக்கம் மட்டும் கேட்கப்பட்டிருக்க முடியாது. என்னுடன் பணியாற்றிய அந்த மனிதரின் பக்கமும் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் இஸ்ரவேலின் ராஜா தாவீதின் கதையைத் திரும்பவும் வாசித்தேன். இரண்டாம் சாமுவேல் 11, 12 அதிகாரங்கள். பத்சேபாளை அழைப்பித்து அவளோடு சேர்ந்ததும், அவளுடைய கணவன் உரியாவைப் போர்முனையில் சாகும்படி நிறுத்தியதும் நமக்குத் தெரிந்தவை. நாத்தான் தீர்க்கதரிசி நேரடியாகக் குற்றஞ்சாட்டாமல், ஏழை ஒருவனிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொல்கிறார். தாவீது கோபம் மூண்டவனாய், அந்த ஆட்டுக்குட்டிக்காக அவன் நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, திரும்பச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறான். "அந்த மனுஷன் நீயே" என்கிறார் நாத்தான். ராஜா தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டான். மன்னிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்று அவன் சொன்ன மாத்திரத்தில், பாவம் நீக்கப்பட்டது என்ற பதிலும் அதே வசனத்தில் வந்துவிடுகிறது. இடைவெளியே இல்லை. ஆயினும் மன்னிப்புக்கு ஒரு நொடிகூடத் தாமதிக்காத அந்தத் தேவன், அதற்கு முன் ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி வழக்கை விசாரிக்காமல் விடவில்லை.

தாவீதின் பெயரில் வழங்கும் 51-ஆம் சங்கீதத்தில் ஒரு வரி எனக்கு நெடுங்காலம் மறைவிடமாக இருந்தது: "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து." ஒருவருக்கே என்றால் உரியா என்ன ஆனான்? இந்த வரியைப் பற்றிக்கொண்டு, என் பாவம் எனக்கும் தேவனுக்கும் இடையிலான காரியம் என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் அதே சங்கீதம் பத்து வசனம் தள்ளி, "இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்" என்று கதறுகிறது. இரத்தம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. எல்லாப் பாவமும் இறுதியில் தேவனுக்கு விரோதமானது என்று அந்த முதல் வரி சொல்வதன் பொருள், மனிதனுக்கு விரோதமாகச் செய்தது கணக்கில் வராது என்பதல்ல. மனிதனுக்குச் செய்ததைத் தேவன் தமக்குச் செய்ததாகவே எடுத்துக்கொள்கிறார் என்பதே. மத்தேயு தன் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரலாறு எழுதும்போது, தாவீதின் மகன் சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று குறிப்பிடவில்லை. "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்று எழுதுகிறார். தாவீது மன்னிக்கப்பட்டு எத்தனையோ நூற்றாண்டுகள் கடந்த பின்னும், மேசியாவின் வம்ச அட்டவணையிலேயே உரியாவின் பெயர் நிற்கிறது. இதை வாசித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவனின் பெயரை அழித்துவிடுவதல்ல.

திருச்சபையும் இந்த இரண்டு பாதிகளுக்கும் இடையே நெடுங்காலம் அலைந்திருக்கிறது. 250-ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் டேசியஸ், குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழைப் பெற வேண்டும் என்று ஆணையிட்டபோது, கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். கொடுமை ஓய்ந்ததும் அவர்கள் சபைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களை என்ன செய்வது? நொவேஷியன் என்ற ரோம் நகர மூப்பர், அவர்களைச் சபை மீண்டும் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பிரிந்து போனார். மறுபுறம், எந்தத் தவமும் இன்றி உடனே திருவிருந்தின் அப்பத்தையும் இரசத்தையும் கொடுத்துவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள். வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் பேராயர் சிப்ரியன் இரண்டையும் மறுத்தார். 251-ல் கூடிய மன்றம், ஒவ்வொருவரும் செய்தது என்ன என்பதை விசாரித்து, தவம் செய்ய ஒரு காலம் விதித்து, அதன் பின் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தது. அந்தத் தவக்காலங்களின் கடுமையை இன்று நான் ஏற்கமாட்டேன். ஆனால் கதவைச் சாத்திவிடுவதும், கேள்வியே கேட்காமல் திறந்துவிடுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள் என்று அந்த மூன்றாம் நூற்றாண்டு மனிதர் கண்டுகொண்டதை மதிக்கிறேன். இரண்டிலுமே திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்து யாரும் பேசவில்லை.

பின்னாட்களில், குருவிடம் தனியே பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் பரவி, 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதைச் செய்ய வேண்டும் என்று விதித்தது. 1517-ல் மார்ட்டின் லூத்தர் தம் 95 வாசகங்களில் முதலாவதாக எழுதியது, இயேசு மனந்திரும்புங்கள் என்று சொன்னபோது விசுவாசிகளின் முழு வாழ்வும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்று விரும்பினார் என்பதே. ஒரு சடங்கின் எல்லைக்குள் அந்தச் சொல்லை அடைத்துவிடக் கூடாது என்ற அவருடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் முழு வாழ்வும் மனந்திரும்புதல் என்று சொல்லிக்கொண்டு, குறிப்பிட்ட எந்தத் தவறுக்கும் குறிப்பிட்ட எந்த மனிதரிடமும் போகாமல் இருந்துவிட முடியும் என்பதற்கு நானே சாட்சி.

என்னை எழுப்பியது மலைப்பிரசங்கத்தின் ஒரு கட்டளை. பலிபீடத்தில் காணிக்கையைச் செலுத்தும்போது, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டு என்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முன்பு உன் சகோதரனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்கிறார் இயேசு. எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை; அவனுக்கு என்மேல் குறை இருந்தால் என்கிறார். ஆராதனை நடுவில் நிற்கட்டும், நீ போய்விட்டு வா என்று தேவனே சொல்லும் இடம் இது. வரி வசூலிப்போரின் தலைவனான சகேயுவும் இதைத்தான் செய்தான். அவன் வீட்டில் இயேசு பிரசங்கம் செய்ததாக லூக்கா எழுதவில்லை. சகேயு எழுந்து நின்று, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகவும் சொல்கிறான். தானாக முன்வந்து அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமமும் எண்ணாகமமும் சொல்கின்றன. நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கோ அடித்துத் தின்றவனுக்கோ யாத்திராகமம் விதித்த அளவு. தாவீது கோபத்தில் சொன்ன அதே அளவு. சகேயு தன்மேல் கடுமையான பிரிவையே தேர்ந்துகொண்டான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொல்வது அந்த வார்த்தைகளுக்குப் பிறகுதான். அவன் இரட்சிப்பை விலைக்கு வாங்கினான் என்று நான் சொல்லவில்லை. இயேசு அவன் வீட்டுக்கு வந்தது அவன் ஒரு காசு கொடுப்பதற்கு முன்பே. கிருபை முன்னால் வந்தது. அது உள்ளே வந்துவிட்டது என்பதை அவன் திறந்த பணப்பெட்டி காட்டியது.

நான் போனேன். அவருடைய முகவரியைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. நடந்ததைச் சொன்னேன். விளக்கம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போயும், பாதியில் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். சற்று நேரம் கழித்து, "நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க வந்து சொல்வீங்கன்னு ரெண்டு வருஷம் எதிர்பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிக்கிறேன். ஆனா பழையபடி பேசிப் பழகுவோம்னு என்கிட்ட எதிர்பார்க்காதீங்க" என்றார். அவருடைய ஒரே கேள்வி, அன்று எங்கள் மேலதிகாரியாக இருந்தவருக்கு நான் இதை எழுத்தில் தெரிவிப்பேனா என்பது. எழுதினேன். அந்த மேலதிகாரி அப்போது பணி ஓய்வு பெற்றிருந்தார். கடிதத்தின் பிரதி ஒன்றை இவருக்கும் கொடுத்தேன். அதை அவர் முழுவதும் வாசித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் நெடுநாள் சுமந்தது இன்னது என்று எனக்கு அந்த மடிப்பில்தான் தெரிந்தது. அவருக்கு என் கண்ணீர் தேவைப்படவில்லை. உண்மை ஒரு தாளில் எழுதப்பட வேண்டியிருந்தது. நியாயத்தீர்ப்பைப் பற்றி அதுவரை நான் அச்சத்தோடு மட்டுமே யோசித்திருக்கிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தில் பெரிய வெள்ளைச் சிங்காசனத்தின் முன் புஸ்தகங்கள் திறக்கப்படும் காட்சியை வாசிக்கும்போதெல்லாம், அந்தப் புஸ்தகங்களில் என் பக்கம் எப்படி இருக்கும் என்பதே என் கவலை. பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவருக்கு, புஸ்தகங்கள் திறக்கப்படும் நாள் எவ்வளவு பெரிய நற்செய்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. 96-ஆம் சங்கீதம் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்று அறிவிக்கும்போது, வயல்வெளி களிகூருகிறது, காட்டுவிருட்சங்கள் கெம்பீரிக்கின்றன. யாரும் ஒளிந்துகொள்ளவில்லை. அநியாயத்தின் கீழ் நசுங்கியவர்களின் குரலில் பாடப்பட்ட பாட்டு அது. நியாயத்தீர்ப்பே இல்லாத ஒரு தேவன் எனக்கு வசதியானவராக இருந்திருப்பார். உரியாவுக்கு அவர் தேவனாக இருந்திருக்கமாட்டார்.

இறுதி நாளின் வரிசை, மரணத்துக்குப் பிந்தைய தூய்மைப்படுத்தல், ஆக்கினை எப்படிப்பட்டது என்பவற்றில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடுகள் ஆழமானவை; அவற்றுக்குள் நான் நுழையப்போவதில்லை. மத்தேயு 25-ல் மனுஷகுமாரன் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் காட்சியில் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். இடப்பக்கத்தில் நிற்பவர்கள் செய்த கொடுமை ஒன்றுகூட அங்கே பட்டியலிடப்படவில்லை. பசியாயிருந்தேன், போஜனங்கொடுக்கவில்லை, வியாதியாயும் காவலிலும் இருந்தேன், விசாரிக்க வரவில்லை. எல்லாம் செய்யாமல் விட்டவை. என்னுடையதும் செய்யாமல் விட்ட பாவம்தான். ஒரு நிமிடம் வாய் திறக்காமல் இருந்ததைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை.

மன்னிக்கக் கடமைப்பட்டவர்களிடம் சபை பேசும் விதத்தைப் பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையை எடுத்து, காயம்பட்டவர்களின் முன் நீட்டி, உடனே மன்னித்துவிடு என்று அவசரப்படுத்துகிறோம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக ராஜா விட்டுக்கொடுத்தது 6 கோடி நாட்களின் கூலி. அந்த ஊழியக்காரன் தன் உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்துக் கேட்டது 100 நாட்களின் கூலி. இந்த அளவின் வேறுபாடுதான் உவமையின் உயிர், அதில் ஐயமில்லை. ஆனால் 100 நாட்களின் கூலி ஒன்றுமில்லாத தொகை என்று இயேசு சொல்லவில்லை. உழைத்து வாழ்கிறவனுக்கு அது மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட சோறு. கடன் உண்மையான கடன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அதை விட்டுக்கொடுப்பதற்குப் பொருள் வருகிறது. இதே உவமைக்கு முன் இயேசுவின் சீஷன் பேதுரு, எத்தனை தரம் மன்னிக்கவேண்டும், ஏழுதரமா என்று கேட்க, ஏழெழுபதுதரம் என்கிறார் ஆண்டவர். அந்தக் கிரேக்கச் சொற்களை எழுபத்தேழுதரம் என்றும் வாசிக்கலாம். ஆதியாகமத்தில் காயீனின் வழிவந்த லாமேக்கு, தனக்காக எழுபத்தேழு பழி சுமரும் என்று தன் மனைவிகளிடம் பெருமை பேசினான். பழிவாங்குதலின் அந்தப் பழைய எண்ணை இயேசு மன்னிப்பின் எண்ணாகத் திருப்பிவிட்டார் என்று பலர் வாசிக்கிறார்கள், நானும் அப்படியே வாசிக்கிறேன். பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்வதாகப் பவுல் ரோமருக்கு எழுதுவது, காயம்பட்டவனின் வாயை அடைப்பதற்கல்ல. உன் வழக்கை நான் எடுத்துக்கொண்டேன், நீ அதை இனித் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம் என்ற உறுதிமொழி அது. அந்த உறுதிமொழி இல்லாவிட்டால், மன்னியுங்கள் என்று மற்றவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. என்னை மன்னித்தவர் என்னோடு பழக மறுத்தது மன்னிப்பில் குறைவு என்றும் நான் இப்போது நினைப்பதில்லை. மன்னிப்பு அவர் ஒருவர் கொடுக்கக் கூடியது; ஒப்புரவுக்கு நம்பிக்கை வேண்டும், அதை உடைத்தவன் நான்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு எனக்கு ஆறுதலாக இருந்தது, இன்றும் இருப்பது, பேதுருவின் கதை. ஒரே இரவில் யூதாசும் பேதுருவும் விழுந்தார்கள். யூதாஸ் மனஸ்தாபப்பட்டு முப்பது வெள்ளிக்காசைத் திரும்பக் கொண்டுபோனான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டான். மத்தேயு அங்கே 'மெட்டனோயியா'வின் வினையை எழுதாமல், வருந்துவதைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லை எழுதுகிறார். தமிழிலும் அது மனந்திரும்பி என்று வராமல் மனஸ்தாபப்பட்டு என்றே வருகிறது. அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் தன் வருத்தத்தை, "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று சொன்ன மனிதர்களிடம் கொண்டுபோனான், பின்பு நான்றுகொண்டு செத்தான். இயேசு உயிர்த்தெழுந்த மூன்றாம் நாள்வரை அவன் காத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணாமல் என்னால் அந்த அதிகாரத்தைக் கடக்க முடிவதில்லை.

பேதுரு காத்திருந்தான். யோவான் 18-ல் பிரதான ஆசாரியனின் அரமனை முற்றத்தில், குளிருக்காக மூட்டிய கரிநெருப்பின் அருகே நின்று, இயேசுவின் சீஷன் நான் அல்ல என்று மறுதலித்தவன் அவன். யோவான் 21-ல், உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் காத்திருக்கிறார். இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்கள் கரைக்கு வந்தபோது, "கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும், அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும் அப்பத்தையும் கண்டார்கள்" என்று எழுதியிருக்கிறது. கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. பேதுருவின் நாசியில் ஏறியது அந்த இரவின் அதே புகை. மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை, நீ என்னில் அன்பாயிருக்கிறாயா என்று கேட்கப்படுகிறது. மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் மறைக்காமல் எழுதுகிறார். அது வலித்தது. அவர் வேறொரு கரையில், நெருப்பில்லாத இடத்தில், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அவனைத் தழுவியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் பேதுரு தன் வாழ்நாள் முழுவதும் குளிர்காயும் நெருப்பைக் கண்டால் ஒதுங்கிப் போயிருப்பான் என்று நினைக்கிறேன். விசாரணையும் மன்னிப்பும் ஒரே நெருப்பின் அருகில் நடந்தன; அந்த நெருப்பின்மேல் அவனுக்கான காலை உணவு ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது.

பாவ அறிக்கை ஜெபத்தை இப்போதும் எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறேன். செய்யத்தகாதவற்றைச் செய்தோம் என்ற பகுதிக்கும், செய்யவேண்டியவற்றைச் செய்யாமல் விட்டோம் என்ற பகுதிக்கும் இடையே, நான்காக மடிக்கப்பட்ட அந்தத் தாள் ஒவ்வொரு முறையும் என் கண்முன் வருகிறது. அது போய்விட வேண்டும் என்று நான் ஜெபிப்பதில்லை.